யானைமலைக்கு யார் ரட்சை?

"ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய், விடிவதற்கு முன்னாலேயே எழுந்து எங்கே ஓய் போகிறீர்?" என்று நம் அடுத்த வீட்டு நண்பர் கேட்டார்.

"மலைக்கு" என்றோம்.

"எந்த சுவாமி?"

"சுவாமி தரிசனத்துக்கு அல்ல, சரித்திர தரிசனத்துக்கு" என்றோம்.

நண்பர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற உபாத்தியாயர், விடுமுறை நாளிலும் அதையே தேடிக்கொண்டு போகிறார் என்றால் அவருக்கு ஏதோ கோளாறு என்று தீர்மானித்திருக்க வேண்டும். பிறகு சற்றே இரக்கத்தோடு, "பிரசாதமாவது உண்டா?" என்றார்.

"உண்டு; மரத்தடியில் இட்டிலி."

"அப்படியானால் அடுத்த தடவை நமக்கும் சொல்லியனுப்பும்" என்றார்.

இட்டிலிக்காகவாவது வருகிறேன் என்றாரே, அந்த வரையில் சந்தோஷம். ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: இப்படிப் பத்துப் பேரோ நூறு பேரோ கூடி, பாறையில் கிடக்கும் எழுத்தைப் பார்த்துவிட்டு வருவதால் ஊருக்கு என்ன பிரயோஜனம்? நேயர்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கக்கூடும். ஆகையால் இந்த வாரம் அதையே விசாரிப்போம்.

மதுரையில் "பசுமை நடை" என்ற பெயரோடு ஓர் இயக்கம் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் அதை ஆரம்பித்து நடத்தியவர். மதுரையைச் சுற்றி எட்டுத் திசையிலும் குன்றுகள் இருக்கின்றன. யானைமலை, சமணமலை, திருப்பரங்குன்றம், அரிட்டாபட்டி, மாங்குளம், கொங்கர் புளியங்குளம், கருங்காலக்குடி, கீழவளவு என்று சொல்லிக்கொண்டே போகலாம். அந்தக் குன்றுகளின் குகைகளிலே சமண முனிவர்கள் வசித்தார்கள். அவர்களுக்காகப் படுக்கைகள் வெட்டினார்கள். வெட்டிக்கொடுத்தவர் பெயரைப் பாறையில் பொறித்தார்கள். இவற்றையெல்லாம் ஊர் ஜனங்கள் நேரில் சென்று பார்க்கவேண்டும் என்பதுதான் நடையின் நோக்கம்.

நடக்கிற முறை மிக எளியது. ஒரு ஞாயிறு விடியற்காலையில் குறித்த இடத்தில் எல்லாரும் கூடுகிறார்கள். வக்கீலும் வருகிறார், மில் தொழிலாளியும் வருகிறார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்களும் ஏறுகிறார்கள். மலைமேல் போனதும், தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வெ. வேதாசலம், சொ. சாந்தலிங்கம் போன்ற அறிஞர்கள் கல்வெட்டை விரலால் தொட்டுக் காட்டாமல், எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லுகிறார்கள். சாந்தலிங்கம் அவர்கள் பாண்டிய நாட்டு வரலாற்று ஆய்வு மையத்தையும் மதுரையில் நடத்தி வருகிறவர். பிரசங்கம் முடிந்ததும் கீழே இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு வீடு திரும்பவேண்டியதுதான். 25ஆவது நடையை 2013ஆம் ஆண்டில் கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் "விருட்சத் திருவிழா" என்றே கொண்டாடினார்கள். "மதுர வரலாறு" என்ற புத்தகத்தையும் அந்த ஆண்டில் பிரசுரித்தார்கள்.

இங்கே நம்முடைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். வெகு வருஷங்களாக நாம் வகுப்பில் அசோகச் சக்கரவர்த்தியின் கல்வெட்டுகளைப் பற்றிப் பாடம் நடத்திவந்தோம். கிர்னார் எங்கே, தௌலி எங்கே என்று தேசப்படத்தில் புள்ளி வைத்துக் காட்டினோம். ஒரு நாள் மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஸார், எங்கள் ஊர்ப் பாறையிலும் இந்த மாதிரி எழுத்து இருக்கிறது, அதை யார் வெட்டினது?" என்று கேட்டான். நாம் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றோம். உண்மையில் நமக்கு அப்போது பதில் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாற்காலியின் கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

அவனுடைய கேள்விக்குப் பதில் மாங்குளம் மலையில் இருக்கிறது. ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேயர் 1882ஆம் ஆண்டில் அந்தக் கல்வெட்டுகளைக் கண்டு வெளியிட்டார். அசோகன் எழுத்தைப் போலத் தோன்றிய அவற்றைப் படித்தவர்களுக்கு வெகுகாலம் பொருள் விளங்கவில்லை. 1924ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இவை தமிழ்தான் என்று எடுத்துக் காட்டினார். பிற்பாடு ஐராவதம் மகாதேவன் அவற்றை ஆராய்ந்து கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் வைத்தார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் அங்கே இருக்கிறது. கணிநந்தன் என்ற முனிவருக்கு அந்தக் குகை தானமாக அளிக்கப்பட்டது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் கூட்டமும் தானத்தில் பங்குகொண்டிருக்கிறது. சங்கப் பாட்டிலே படித்த அரசர் பெயர் ஒன்று, நம் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போனால் காலைப் பலகாரத்துக்குள் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் கல்லில் நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ள நமக்கு நாற்பது வயதாயிற்று. அதுவும் நடைக்குப் போனதால் ஆயிற்று.

இனி யானைமலைக்கு வருவோம். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், யானை படுத்திருப்பதுபோலத் தோன்றும் ஒரே பாறை அது. அதன் மேலுள்ள குகையிலே பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று மலையை "இவகுன்றம்" என்று சொல்லுகிறது. இபம் என்றால் யானை. ஆக, சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னாலும் அதற்கு யானைக் குன்றம் என்றுதான் பெயர்!

மலையடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளின் குடைவரைக் கோயில் இருக்கிறது. பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனுக்கு அமைச்சராயிருந்த களக்குடி மாறன்காரி அதைக் கி.பி. 770ஆம் ஆண்டில் குடைவித்தார். வேலை முடிவதற்குள் அவர் காலமாகவே, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து முடித்தார். சற்றுத் தள்ளி, லாடன் கோயில் என்று ஜனங்கள் அழைக்கும் குடைவரையில் முருகப் பெருமான் தேவியோடு வீற்றிருக்கிறார். இன்னொரு பக்கம் மேலே ஏறினால், பாறை நெற்றியில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை ஆகியோரின் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. சுதையும் வர்ணமும் சில இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை.

அந்த உருவங்களின் கீழே வட்டெழுத்திலே சிறு சிறு கல்வெட்டுகள் உண்டு. திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்று சொல்லிவிட்டு, கடைசியில் "ரட்சை" என்று ஒரு வார்த்தை வருகிறது. ரட்சை என்றால் காவல். இந்தத் திருமேனிக்கு யார் பொறுப்பு என்பதை அங்கே எழுதி வைத்தார்கள். ஒன்றுக்கு நரசிங்கமங்கலத்துச் சபையார் ரட்சை. இன்னொன்றுக்குப் பொற்கோட்டுக் கரணத்தார் ரட்சை. நரசிங்கமங்கலத்துச் சபை அந்தணர்களின் சபை. கீழே பெருமாளைச் சேவிக்கிற ஊர், மேலே இருக்கும் சமணத் திருமேனிக்குக் காவலாக நின்றது! சமயங்களுக்குள்ளே வாதமும் விரோதமும் அந்தக் காலத்தில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை, இருந்தன. ஆனால் ஊரில் உள்ள பொருளுக்கு ஊரார் பொறுப்பு என்ற விஷயத்தில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இந்த வார்த்தையைக் கேட்ட அன்று நமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. அந்தச் சபையார் போய்விட்டார்கள். கரணத்தாரும் போய்விட்டார்கள். இப்போது யானைமலைக்கு யார் ரட்சை?

சர்க்கார் இருக்கிறதே, தொல்லியல் இலாகா இருக்கிறதே என்று நேயர்கள் சொல்லலாம். இருக்கின்றன. நீல வர்ணப் பலகை வைத்திருக்கிறார்கள். கம்பி வேலியும் உண்டு. ஆனால் பலகை வாய் திறந்து பேசுமா? ஒரு குகையில், ஈராயிரம் ஆண்டு எழுத்துக்கு அருகிலேயே, வெள்ளைச் சாயத்தில் ஒரு பெயரும் அதன் பக்கத்தில் ஓர் அம்பும் இன்னொரு பெயரும் எழுதியிருக்கக் கண்டோம். கீழே வகுப்பும் பிரிவும்கூடக் குறித்திருந்தது. உபாத்தியாயர் என்ற முறையில் நமக்கு ஏற்பட்ட வெட்கத்தை என்னவென்று சொல்வது? பையனைக் கோபித்துக்கொள்ளக்கூட நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பாறையில் இருப்பது என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் "பரீட்சைக்கு வராது" என்று உட்கார வைத்துவிட்டோமே!

சாயத்தைக் கழுவிவிடலாம். வெடி வைத்த குன்றை என்ன செய்வது? மேலூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டியதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி அப்போதைய ஜில்லா கலெக்டர் உ. சகாயம் 2012ஆம் ஆண்டில் சர்க்காருக்கு அறிக்கை அனுப்பினார். 2014இல் ஹைகோர்ட் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015 நவம்பரில் அவர் தம் அறிக்கையைச் சமர்ப்பித்தார். அந்தப் பக்கத்தில் பஸ்ஸில் போகிறவர்கள், குன்று இருந்த இடத்தில் பள்ளமும், பள்ளத்தில் பச்சைத் தண்ணீரும் நிற்பதைப் பார்க்கலாம். யானைமலைக்கே 2010ஆம் ஆண்டில் ஆபத்து வந்தது. அதைச் சிற்ப நகரமாக்குவது என்று ஒரு யோசனை கிளம்பிற்று. சுற்றுப்புற ஊரார் எதிர்த்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. பசுமை நடை பிறந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை அரிட்டாபட்டிக்கு வந்தது. அங்கே குகையில் பழந்தமிழ் எழுத்து உண்டு. அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனி உண்டு. முற்காலப் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும், அதில் அபூர்வமான இலகுலீசர் உருவமும் உண்டு. சுனைகளும் கண்மாய்களும் பறவைகளும் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் 193.215 ஹெக்டேரை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று 2022 நவம்பரில் தமிழக சர்க்கார் அறிவித்தது. இரண்டு வருஷத்துக்குள், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி வட்டாரத்தில் 2015.51 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வெட்டுவதற்கு மத்திய சர்க்கார் ஏலம் முடித்தது.

பிறகு நடந்ததைத் தமிழ்நாடு அறியும். கிராமந்தோறும் ஜனங்கள் கூடினார்கள். 2024 டிசம்பர் 9ஆம் தேதி சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தாயிற்று.

பசுமை நடைதான் இதைச் சாதித்தது என்று சொன்னால் அது பொய். சாதித்தவர்கள் அந்தக் கிராமவாசிகள். முக்கியமாகத் தங்கள் வயலையும் கண்மாயையும் எண்ணி வீதிக்கு வந்தவர்கள். ஆனால் அவர்கள் பேசியதைக் கவனித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். "எங்கள் நிலம்" என்றதோடு அவர்கள் நிறுத்தவில்லை. எங்கள் மலையில் ஈராயிரம் ஆண்டு எழுத்து இருக்கிறது, எங்கள் மலையில் பாண்டியன் காலத்துக் கோயில் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னார்கள். ஒரு காலத்தில் "பஞ்சபாண்டவர் படுக்கை" என்று மட்டும் தெரிந்திருந்த இடத்தைப் பற்றி இவ்வளவும் ஊர் வாயில் வந்தது எப்படி? படித்தவர்கள் மலையேறி வந்து, படித்ததைத் தமிழில், எல்லார் காதிலும் விழும்படி பல வருஷம் சொன்னதும் ஒரு காரணம் அல்லவா? நண்பர் கேட்காமல் விட்ட கேள்விக்கு இதுவே நம் பதில்.

வெளிதேசங்களிலும் இதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். பிரான்சு தேசத்தில் 1984ஆம் ஆண்டு தொட்டு, செப்டம்பர் மாதத்தில் பழைய மாளிகைகளையும் சர்க்கார் கட்டடங்களையும் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் ஏற்பட்டு, ஐரோப்பா முழுவதும் பரவியிருக்கிறது. அங்கே அதற்கு மந்திரி உத்தரவு வேண்டியிருந்தது. இங்கே ஓர் எழுத்தாளரும், ஓய்வுபெற்ற இரண்டு மூன்று அறிஞர்களும், இட்டிலிச் சட்டி தூக்கும் சில வாலிபர்களும் போதுமாயிருந்தார்கள். நமக்கு இதில் பெருமையும் உண்டு, கவலையும் உண்டு. தனி மனிதர்களின் உற்சாகத்தில் நடக்கும் காரியம், அந்த உற்சாகம் களைத்தால் நின்றுபோகும். வட்டெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் படிக்கக்கூடியவர்கள் நம்மிடையே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்களும் வயது முதிர்ந்தவர்கள்.

ஆகையால் உபாத்தியாயர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குன்றோ, பழங்கோயிலோ, நடுகல்லோ நிச்சயம் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது, தெரிந்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு அங்கே போய் வாருங்கள். கையில் சுண்ணாம்பும் சாயமும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்த எழுத்தில் பத்தையாவது பிள்ளைகள் எழுதிப் பழகட்டும். தன் பெயரைப் பழந்தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதத் தெரிந்த பையன் அதைப் பாறையில் எழுதமாட்டான் என்பது நம் வகுப்பிலே நாம் கண்ட அநுபவம்.

நண்பர் சொன்னபடியே அடுத்த நடைக்கு வந்தார். பேத்தியையும் அழைத்து வந்தார். யானைமலையில் பாதி ஏறியதும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். பேத்தி மேலே போய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து, "தாத்தா, இந்த மலைக்கு நரசிங்கம் ஊர்க்காரர்கள்தான் காவலாம், நம்மையும் சேர்த்துக்கொள்வார்களா?" என்று கேட்டாள்.

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம், "சேர்த்துக்கொள்வார்கள், அம்மா, ஆள் போதாமல்தான் இருக்கிறது" என்றோம்.