திரெமே பேட்டைத் திருவிழாவும் நகராட்சிப் பணமும்

ஒரு பேட்டைக்காரர்கள் தங்கள் பேட்டைக்காகத் திருவிழா எடுக்கிறார்கள். அதற்கு நகராட்சி பணம் தர வேண்டுமா? தருவதென்றால் எந்தக் கணக்கில் தருவது? அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழும் பேட்டைகள் பலவற்றில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். கொடுப்பவர்கள் ஏதோ தருமம் செய்வதுபோல் கொடுக்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்ல நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஊருக்கும் நம் புதுச்சேரிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. நாங்கள் பள்ளியில் நூவெல் ஓர்லெயான் என்று படித்த ஊர் அது. 1718-இல் பியான்வில் என்பவர் நிறுவியது. அப்போது லூயிசியானாவை நடத்திக்கொண்டிருந்த ஜான் லாவின் கம்பெனி, அடுத்த ஆண்டே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து 1731 வரை அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் ஒரே கம்பெனிதான் எஜமான். நம் ஊரில் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரித்துப் பெயர் வைத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ‘வீல் நுவார்’ என்றால் நம்மைத்தான் சொன்னார்கள். கறுப்பர் பேட்டை என்ற சொல் நமக்கு அவ்வளவு தூரத்துச் சொல் அல்ல.

திரெமேயின் முழுப்பெயர் ஃபோபூர் திரெமே. ஃபோபூர் என்றால் மதிலுக்கு வெளியே வளர்ந்த ஊர்ப்பகுதி. நம் பேட்டை என்ற சொல் அதற்கு நன்றாகவே பொருந்தும். கிளோது திரெமே என்பவரின் நிலத்தை 1810-இல் நகரம் வாங்கி மனை போட்டு விற்றது. அடிமைமுறை நடந்த அந்தக் காலத்திலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பலர் அங்கே சொந்தப் பணத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். கொத்தனார், தச்சர், செருப்புத் தைப்பவர், தையல்காரி என்று கைத்தொழில் தெரிந்த குடும்பங்கள். வீட்டில் பிரெஞ்சு பேசியவர்களும் நிறைய. 1892-இல் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்து கைதான ஹோமர் பிளெசி அந்தப் பேட்டைக்காரர். தொழில், செருப்புத் தைப்பது. அவரை ஏற்றிவிட்ட குழுவின் பெயர்கூடப் பிரெஞ்சுதான்: கொமித்தே தே சித்துவாயேன், குடிமக்கள் குழு. 1896-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன ஒதுக்கல் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டத்தின் துணையோடு நடந்தது.

அந்தப் பேட்டையின் ஓரத்தில்தான் காங்கோ சதுக்கம் இருக்கிறது. 1724-இன் அடிமைச் சட்டம் ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது என்றது. அந்த ஒரு நாளில் அடிமைகள் கூடிப் பறை கொட்டி ஆடினார்கள், சிறு சந்தை நடத்தினார்கள். 1817-இல் நகரசபை, மேயர் குறித்துக் கொடுக்கும் இடத்தில் மட்டும்தான் அடிமைகள் கூடலாம் என்று விதி போட்டது. ஆக, கறுப்பின மக்களின் கூட்டத்துக்கு அனுமதிச் சீட்டு கேட்கும் பழக்கம் அங்கே இருநூறு ஆண்டுப் பழக்கம். பின்னாளில் அந்த இடத்துக்கு, அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதி பியூரிகார்டின் பெயரை வைத்தார்கள். மக்கள் வாயில் வழங்கிய காங்கோ சதுக்கம் என்ற பெயரை நகரசபை அதிகாரபூர்வமாக ஏற்றது 2011-இல்தான்.

இப்போது திருவிழாவுக்கு வருகிறேன். அந்த ஊரில் கறுப்பினப் பேட்டைகளின் கொண்டாட்டத்தைத் தாங்கி நிற்பவை ‘சோஷியல் எய்ட் அண்ட் பிளெஷர் கிளப்’ என்ற சங்கங்கள். பெயரிலேயே உதவியும் உல்லாசமும் சேர்ந்திருக்கின்றன. இன்சூரன்ஸ் கம்பெனிகள் கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், மாதச் சந்தா வசூலித்து உறுப்பினரின் வைத்தியச் செலவையும் அடக்கச் செலவையும் பார்த்துக்கொண்ட சங்கங்களின் வழிவந்தவை இவை. இறந்தவரைப் பாண்டு வாத்தியத்தோடு வழியனுப்பியதும் இவர்களே. இன்றைக்கும் கோடை மாதங்கள் நீங்கலாக, ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு சங்கம் தன் பேட்டைத் தெருக்களில் நான்கு மணி நேரம் ஊர்வலம் போகும். சங்கத்தாரும் வாத்தியக்காரர்களும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஊர்மக்கள் இரண்டாம் வரிசை. அதனால் அதற்குச் ‘செகண்ட் லைன்’ என்று பெயர். டிக்கெட் இல்லை. வழியெல்லாம் அக்கம்பக்கத்தார் அடுப்பு மூட்டி வறுத்ததையும் சுட்டதையும் விற்பார்கள். மணிகளும் இறகுகளும் தைத்த உடையில் வரும் ‘இந்தியன்’ கூட்டங்கள் தனி. பழைய உடையை மறுபடி போடுவதில்லை என்று வைராக்கியமாக, வேலை முடிந்து வந்து வருஷம் முழுக்கத் தைப்பார்கள்.

இதற்கு ஆகும் செலவு யாருடையது? பாண்டுக்காரர் சம்பளம், உடை, குடை, வண்டி எல்லாம் சங்கத்தார் கைக்காசு. அதற்கு மேல் ஊர்வல அனுமதிக் கட்டணம், போலீஸ் காவலுக்குக் கட்டணம்.

பணம் கொடுப்பதை எதிர்ப்பவர்கள் சொல்வது இதுதான்: சாலையில் குழி, சாக்கடை அடைப்பு, இதில் கொண்டாட்டத்துக்கு வேறு செலவா? அதுவும் ஓர் இனத்தாரின் விழாவுக்கு எல்லோருடைய வரிப்பணமா? கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் பற்றுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடக் கூடாது. வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

திரெமேயின் நடுவே கிளெய்பார்ன் அவென்யூ என்று ஒரு பெரிய வீதி. நடுவில் அகன்ற புல்தரை, அதில் வரிசை வரிசையாக ஓக் மரங்கள். வீதியின் இருபுறமும் கறுப்பினத்தார் நடத்திய கடைகள், இன்சூரன்ஸ் அலுவலகங்கள், மருந்துக்கடைகள். கார்னிவல் நாளில் வெள்ளையர் ஊர்வலங்கள் நடந்த பெரிய தெருக்களில் இவர்களுக்கு இடமில்லாததால், இந்த மரத்தடிதான் இவர்களுக்குத் திருவிழாத் திடல். 1966-இல் அந்த மரங்களைப் பெயர்த்து, மேலே நெடுஞ்சாலைப் பாலம் கட்டினார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அதே காலத்தில் வெள்ளையரும் சுற்றுலாக்காரரும் நிறைந்த பிரெஞ்சுக் குவார்ட்டரின் ஆற்றோரமாகவும் ஒரு பாலச் சாலை போடத் திட்டமிருந்தது. அங்கே பாரம்பரியம் கெடும் என்று பெரிய மனிதர்கள் போராடினார்கள். 1969-இல் மத்திய அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஒரே நகரம், இரண்டு பேட்டை. ஒன்றின் பாரம்பரியத்துக்கு மதிப்புப் போட்டார்கள், இன்னொன்றுக்குப் போடவில்லை. போதாக்குறைக்கு, கலைநிலையம் கட்டுவதாகச் சொல்லி திரெமேயில் தெருத்தெருவாக வீடுகளை இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரில் பூங்கா இருக்கிறது. வீடிழந்த குடும்பங்களுக்கு அது வீடாகாது.

மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மரம் போன இடத்திலேயே, பாலத்தின் அடியில், கார்னிவல் நாளில் கூடினார்கள். இன்றைக்கும் கூடுகிறார்கள். பாலத்துத் தூண்களில் ஓக் மரங்களையும் தங்கள் பெரியவர்களின் முகங்களையும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இது நகரம் எடுத்துக்கொண்டது. இனி நகரத்துக்கு இவர்களால் வந்தது. அந்த ஊருக்குச் சுற்றுலாக்காரர்கள் எதற்காக வருகிறார்கள்? ஜாஸ் இசை பிறந்த ஊர் என்றுதான். விளம்பரப் படங்களில் குடை பிடித்து ஆடுபவர்களும் இறகு உடை போட்டவர்களும் இந்தப் பேட்டைக்காரர்களே. புகழ்பெற்ற ஜாஸ் விழா 1970-இல் முதன்முதலாக நடந்ததும் காங்கோ சதுக்கத்தில்தான். ஹோட்டல் அறை வாடகையோடு வசூலாகும் வரியிலோ பெரும்பகுதி நெடுங்காலம் மாநாட்டு மண்டபத்துக்கும் விளையாட்டரங்கத்துக்கும் சுற்றுலா விளம்பரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. நகரத்துக்குக் கூடுதல் பங்கு வேண்டுமென்று மேயர் கான்ட்ரெல் 2019-இல் போராடித்தான் பெற்றார். நகரத்துக்கே அந்த நிலை என்றால், படத்தில் ஆடிய பேட்டைக்காரனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொடுப்பது இருக்கட்டும், நகரம் அவர்களிடமிருந்து வாங்கியதையும் பார்க்க வேண்டும். 2006-இல் ஓர் ஊர்வலம் முடிந்த வேளையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைக் காரணம் காட்டி, போலீஸ் காவல் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள். கத்ரீனா புயலில் வீடு வாசல் இழந்து, சங்கக்காரர்கள் பாதிப்பேர் வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்காக மட்டும் வந்துபோன சமயம் அது. சங்கங்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டன. 2007-இல் நகரம் இறங்கிவந்து கட்டணத்தைக் குறைத்தது. கார்னிவலின் பெரிய ஊர்வலங்களுக்கு ஆகும் காவல் செலவையும் குப்பை அள்ளும் செலவையும் பெருமளவு நகரமே ஏற்று வந்திருக்கும்போது, ஏழைச் சங்கத்துக்கு மட்டும் பில் போட்டது என்ன நியாயம்?

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 2005 மார்ச்சில், புனித சூசையப்பர் திருநாள் இரவில் கூடிய இந்தியன் கூட்டங்களைப் போலீசார் கலைத்தார்கள். அதுபற்றி விசாரிக்க ஜூன் 27 அன்று நகரசபை கூடியது. டூட்டி மொன்டானா என்ற பெரியவர் பேச எழுந்தார். வயது 82. வாழ்நாள் முழுக்கக் கட்டடத் தொழிலாளி. ஐம்பது ஆண்டுக்கு மேல் தன் கையால் உடை தைத்து ஆடிய தலைவர். தங்கள் ஆட்களைப் போலீசார் காலங்காலமாக நடத்திவந்த விதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து சாய்ந்தார். அப்படியே போய்விட்டார். ஒரு மனிதர் தம் பேட்டையின் திருவிழாவுக்காக நகரசபையின் முன் நின்று பேசியபடி உயிரை விட்டிருக்கிறார். இதைப் படித்தபின் திருவிழாச் செலவை வீண்செலவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே நகரம் பணம் தர வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் எப்படித் தருவது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் நான்கு விஷயங்கள் சொல்லலாம்.

ஒன்று, கொடுப்பதற்கு முன் வாங்குவதை நிறுத்த வேண்டும். ஒரு ஜன்னலில் அனுமதிக்கும் காவலுக்கும் கட்டணம் வசூலித்துவிட்டு அடுத்த ஜன்னலில் உதவித்தொகை தருவது, இரண்டு குமாஸ்தாக்களுக்கு வேலை கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. காவல், துப்புரவு, கழிப்பிடம் இவற்றை நகரம் ஏற்றாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இரண்டு, பணத்தை முன்கூட்டித் தர வேண்டும். முதலில் நீ செலவு செய், ரசீது கொண்டுவா, பிறகு தருகிறோம் என்ற விதி உலகம் முழுக்க அரசாங்கங்களுக்குப் பிடித்த விதி. அந்த விதிப்படி பணம் பெற, கையில் ஏற்கெனவே பணம் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்திலும் இந்த விதியால் சிறிய சங்கங்கள் விண்ணப்பம் போடாமலே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். பெரிய சங்கங்களுக்கு மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் போய்ச் சேரும்.

மூன்று, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனுக்கும் விழா நடத்தத் தெரிந்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகாரிகள் உணர வேண்டும். பாட்டுக்காரனிடம் தணிக்கை அறிக்கையும் காப்பீட்டுப் பத்திரமும் கேட்டால், பத்திரம் வைத்திருக்கும் வெளியூர் நிறுவனம்தான் வந்து நிற்கும். பேட்டையின் பெயரில் விழா நடக்கும், பேட்டைக்காரன் வேடிக்கை பார்ப்பான். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதுப்பணத்துக்குக் காசு விடாமல் கணக்கு வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை எழுத, மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் உட்கார்ந்து உதவ வேண்டும்.

நான்கு, பணம் கொடுத்ததற்காக விழாவை மாற்றக் கூடாது. எந்தத் தெருவில் போவது, யார் முதலில் வருவது, எப்போது முடிப்பது என்பதெல்லாம் பேட்டையின் முடிவு. இதற்கு நம் வில்லியனூர் தேரையே உதாரணம் காட்டலாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். அரசாங்கம் வந்து மரியாதை செய்வதில் குறையில்லை. ஆனால் தேர் எந்த வீதியில் திரும்ப வேண்டும் என்று எந்தக் கவர்னரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒரு சொல். அரசு கொடுக்கும் பணத்தைப் பிரெஞ்சில் ‘சுப்வான்சியோன்’ என்பார்கள். உதவிக்கு வருவது என்பது அதன் வேர். நாம் மானியம் என்கிறோம். மானம், மரியாதை என்ற பொருளில் பிறந்த சொல் அது. அந்தக் காலத்தில் கோயிலில் மேளம் வாசிப்பவருக்கும் ஊருக்கு ஊழியம் செய்பவருக்கும் விட்ட நிலம் மானியம். வாங்கியவர் கை ஏந்தவில்லை. ஊர் அவருக்குக் கடன்பட்டிருந்தது, நிலமாகக் கொடுத்தது. திரெமே போன்ற பேட்டைகளுக்கு நகரசபைகள் தர வேண்டியது அப்படிப்பட்ட மானியம்தான். கேட்கப் போகிறவர்களும் நிமிர்ந்து நின்று கேட்கலாம்.