வீட்டுச் சாமான் வைத்தியம்: டிஸ்க் டிரைவ் காணாமல் போனால்…

சென்ற இதழில் மிக்ஸி ஜாரின் கசிவை நிறுத்தினோம். இந்த முறை கொஞ்சம் பெரிய இடத்திலேயே கை வைத்துவிட்டேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். லாப்டாப் என்றாலே பத்தடி தள்ளி நிற்பேன். ஆனால் தேவை என்று வந்துவிட்டால் ஒதுங்கி நிற்க முடிகிறதா?

என் மாமியாருக்கு வெகுநாளாக இடுப்பு வலி. 2018-ல் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒரு சி.டி.யில் பத்திரமாக இருந்தது. இப்போது வலி காலுக்கும் இறங்கி, பாதம் மரத்துப்போகிறது என்றார். புது ஸ்கேனும் எடுத்தாயிற்று. டாக்டர், "பழைய படத்தையும் பென் டிரைவில் ஏத்திக்கிட்டு வாங்கம்மா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் ஆபரேஷன் வேணுமான்னு சொல்லலாம். இங்கே சி.டி. போட வழியில்லை" என்றார். திங்கட்கிழமை காலை வரச் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படி வேலை முடிந்து உட்கார்ந்தேன். மகனின் பழைய லாப்டாப், அதில்தான் சி.டி. போடும் தட்டு இருக்கிறது. சி.டி.யைப் போட்டால் ஒன்றையும் காணோம்! எனக்குப் பகீரென்றது. மாமியார் கட்டிலில் இருந்தபடியே, "எனக்கும் டிஸ்க் கோளாறு, அதுக்கும் டிஸ்க் கோளாறா?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தெருமுனைக் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "டிரைவ் போச்சும்மா, மாத்தணும். சாமான் வர நாலு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்கு எங்கே போவது? கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், கோளாறு எங்கே என்று பிரிக்க வேண்டும். டிரைவின் படம் திரையில் இருந்து, சி.டி. மட்டும் படிக்கவில்லை என்றால் சி.டி.யில் கீறலோ, தட்டிலுள்ள லென்ஸில் தூசியோ இருக்கலாம். டிரைவின் படமே இல்லை என்றால், லாப்டாப் அதை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இரண்டாவது வகை.

அடுத்து, பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறதா, விளக்கு எரிகிறதா? வந்தது, எரிந்தது. அப்படியானால் கரண்ட் போகிறது. தட்டு வராவிட்டால் பயப்படாதீர்கள். லாப்டாப்பை அணைத்துவிட்டு, தட்டின் முகப்பிலுள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை மெதுவாக அழுத்தினால் திறந்துகொள்ளும்.

மூன்றாவதாக, லாப்டாப்பை ஆன் செய்த உடனே எஃப்2 போன்ற ஒரு பட்டனை அழுத்தினால் (மாடலுக்கு மாடல் மாறும்) பயாஸ் என்ற பக்கம் வரும். அங்கே டிரைவின் பெயர் தெரிந்தது. இங்கேயும் தெரியாவிட்டால் இணைப்பு தளர்ந்திருக்கலாம். பல பழைய மாடல்களில் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு திருகுதான் டிரைவைப் பிடித்திருக்கும். அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, டிரைவை உருவி மறுபடி அழுத்திச் செருக வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கருவி நன்றாக இருக்கிறது, விண்டோஸில்தான் கோளாறு என்று புரிந்தது.

நான்காவது, டிவைஸ் மேனேஜர். டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம்! உள்ளே 'கோட் 19' என்றிருந்தது. 'அன்இன்ஸ்டால்' கொடுத்து லாப்டாப்பை மறுபடி ஆன் செய்தால், விண்டோஸே டிரைவைத் தேடி எடுத்துக்கொள்ளும். பலருக்கு இதிலேயே சரியாகிவிடுமாம். எனக்கு ஆகவில்லை.

அப்போதுதான் அண்ணன் மகன் கேட்டான்: "அத்தை, சமீபத்துல ஏதாவது புரோகிராமை எடுத்தீங்களா?" ஆமாம்! போன வாரம்தான் என் மகன், சி.டி. எழுதும் பழைய மென்பொருள் ஒன்றை நீக்கியிருந்தான். அது போகும்போது அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளை ரெஜிஸ்ட்ரியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இல்லாத மென்பொருளை விண்டோஸ் தேடித் தேடி, கடைசியில் டிரைவையே ஒதுக்கிவிட்டதாம். அண்ணன் மகன் தூரத்தில் இருந்தபடியே லாப்டாப்பில் நுழைந்து, ரெஜிஸ்ட்ரிக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் நீக்கினான். மறுபடி ஆன் செய்ததும் டிரைவ் வந்து நின்றது!

ஒரு எச்சரிக்கை, சகோதரிகளே! இதை மட்டும் நாமாகச் செய்ய வேண்டாம். கீபோர்டுக்கும் அதே பெயரில் பதிவு உண்டு. இடம் மாறிக் கை வைத்தால் கீபோர்டு வேலை செய்யாது. விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சி.டி.யிலிருந்த எல்லாவற்றையும் அப்படியே பென் டிரைவில் ஏற்றினேன். படங்களை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது. ஸ்கேனைத் திறந்து காட்டும் புரோகிராமும் அதிலேயே இருக்கும். ஒரு சி.டி. கொள்வது 700 எம்.பி. தான். சின்னப் பென் டிரைவிலேயே பத்து சி.டி. அடங்கிவிடும்.

திங்கட்கிழமை டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பழசைவிட அதிகமாகலைம்மா. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், உடற்பயிற்சி செஞ்சு பார்ப்போம்" என்றார். மாமியார் என் கையைப் பிடித்தவர், வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

உங்கள் வீட்டிலும் ஸ்கேன், கல்யாணம், குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று பீரோவில் சி.டி.கள் தூங்கிக்கொண்டிருக்கும். வெயில் படாமல் வையுங்கள், ஓரத்தைப் பிடித்து எடுங்கள், துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். மேல்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். இப்போது வரும் லாப்டாப்களில் பெரும்பாலும் டிரைவே கிடையாது. யு.எஸ்.பி.யில் செருகும் வெளி டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே நகல் எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு நாள் பார்த்துக்கொண்டா வரப்போகிறது?