நோய் நமக்கு, நுண்ணோக்கி அவர்க்கா?

எண்ணூரிலே புகை, திருவொற்றியூரிலே புழுதி, இராயபுரத்திலே நெரிசல். இருமலுக்கு இங்கே பஞ்சமில்லை! 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடிற்று. அதே திங்களின் இறுதியில், நள்ளிரவில், உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்களை மூச்சுத் திணற ஓடவைத்தது. மூச்சை இழந்தவர் நாம். அந்த மூச்சில் கலந்த நஞ்சினை அளக்க மட்டும் எங்கிருந்தோ ஒருவர் வரவேண்டும்! அளக்கும் கை நம் கையாக ஏன் இருக்கக்கூடாது?

“ஆராய்ச்சிக்குத் தனி மூளை வேண்டும், அது பரம்பரையாய் வருவது” என்று பசப்புகின்றனர் சிலர். “திறமை இருந்தால் தானே வெளிப்படும்” என்று தத்துவம் பேசுகின்றனர் வேறு சிலர். இரண்டும் ஒரே பொய்யின் இரு முகங்கள்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் வாழ்வைப் பாருங்கள். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னையிலே தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்றார், கிடைத்ததோ எம்.பி.பி.எஸ். அல்ல, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்று. மதிப்பெண் தராசில் நிறுத்தால் அவர் ‘மக்கு’! 1923இல் பாஸ்டன் சென்று, மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்து பிழைத்தார். பின்னர் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் தம் ஆய்வுக்கூடத்தில் இடம் தந்தார். கதவு திறந்தது, அறிவு மலர்ந்தது. 1925இல் இருவர் பெயரையும் தாங்கிய பாஸ்பரஸ் அளவீட்டு முறை வெளிவந்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டைஎதில்கார்பமசின், பின்னாளில் அவர் தலைமையில் நடந்த ஆய்வின் கனி.

மேதைக்கே கதவு திறக்க ஒரு கை தேவைப்பட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் மகளுக்கு மட்டும் அது தானே திறந்துகொள்ளுமோ?

இன்னொன்றும் கேளுங்கள். 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தோன்றிற்று. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீட்டிலும், மற்றையோர் சானடோரியத்திலும் மருந்து பெற்றனர். குறைந்த உணவு, நெருக்கமான குடில். எனினும் வீட்டு மருத்துவம் பின்தங்கவில்லை என 1959இல் முடிவு வெளியாயிற்று. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கே மாறிற்று. உலகுக்குப் பாடம் தந்தது ஏழையின் நுரையீரல்! நுரையீரலைத் தந்த குடிசை, ஆய்வாளரையும் தரவேண்டாமா?

மருத்துவரானால்தான் ஆராய்ச்சி என்பது அறியாமை. உயிரியலோ வேதியியலோ முதுகலை வரை பயின்று, தேசிய அளவிலான ஜே.ஆர்.எஃப். தேர்வில் தேறினால், மாத உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். மருத்துவ மாணவர்க்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல் தொடங்கிய குறுங்கால ஆய்வு உதவித்தொகை உண்டு. இதனை வண்ணாரப்பேட்டைத் தியாகராயர் கல்லூரி மாணவனுக்கும், பாரதி மகளிர் கல்லூரி மாணவிக்கும் யார் சொல்வது? தந்தை பட்டறையிலே, மாமன் விசைப்படகிலே! மாளிகையில் சிற்றுண்டியோடு கிடைக்கும் செய்தி, குப்பத்திலே கிடைக்காத புதையல். இதற்குப் பெயர் திறமையா, வாய்ப்பா?

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை 2020இல் சட்டம் தந்தது. சட்டம் கல்லூரிக் கதவைத் திறக்கும். ஆய்வுக்கூடத்துள் கைப்பிடித்து அழைத்துச் செல்வது மனிதர் கடன்.

ஸ்டான்லியின் மருத்துவர்களே, பல்கலைக்கழகப் பேராசிரியர்களே! வாரம் இரண்டு மணி நேரம் தாருங்கள். ஆய்வுக் கட்டுரையைப் படிக்கவும் ஐயுறவும் கற்பியுங்கள். தோற்றுப்போன சோதனையையும் மறைக்காது குறிப்பேட்டில் எழுதும் நேர்மையைப் பழக்குங்கள். பரிந்துரைக் கடிதத்தை நண்பர் மகனுக்கு மட்டும் எழுதாதீர்கள். பிச்சை கேட்கவில்லை, பட்ட கடனைக் கேட்கிறோம்!

தோழர்களே! ஊர்தோறும் உள்ள நம் படிப்பகங்களில் இத்தேர்வுகளின் நாளும் விவரமும் எழுதி ஒட்டுங்கள். ஆர்வமுள்ள மாணவரை வழிகாட்டியிடம் அழைத்துச் செல்லுங்கள். ‘ஏன்?’ என்ற கேள்வி நம் பிள்ளைகளிடம் உண்டு. விடை தேடும் கருவியையும் அவர்தம் கையில் தருவோம்!