சிறிய காரில் யார் இருக்கிறார்?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள் எந்தக் குடும்பத்திற்கும் நன்னாளே. மாத்திரைகளை எந்த வேளையில் உட்கொள்வது, தையலை எவ்வாறு பேணுவது, எதை உண்பது, எதைத் தவிர்ப்பது, மீண்டும் எப்போது வருவது என்பனவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்து, ஒருமுறைக்கு இருமுறை விளக்கியே நோயாளிகளை அனுப்புகிறோம். ஆயினும் ஒன்றைப் பற்றி மட்டும் நாங்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. வாயிலைக் கடந்த மறுகணமே தொடங்கும் சாலைப் பயணமே அது. சென்ற மாதம் கேட்ட ஒரு செய்தி, இனியும் பேசாதிருப்பது தகாது என்று எங்களுக்கு உணர்த்தியது.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு சென்ற ஓர் அம்மையார், தையல் பிரிக்க வேண்டிய நாளில் வரவில்லை. மூன்று நாள் தாழ்த்தி, பேருந்தில், மகளின் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். காரணம் கேட்டபோது முதலில் தயங்கினார். பின்னர் மகள் கூறினார். வீடு திரும்பிய அன்று மகன் தம் பழைய சிறிய காரில் தாயைப் படுக்க வைத்து, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், இடப்புறமாகவே ஓட்டிச் சென்றிருக்கிறார். பின்னால் வந்த பெரிய கார் ஒன்று இடைவிடாமல் ஹாரன் ஒலித்து, முகப்பு விளக்கை மின்னவிட்டு, முடிவில் முந்தியது. முந்தியதோடு நில்லாமல், பாடம் கற்பிப்பதுபோல் சிறிய காரின் முன்னே சட்டென்று நுழைந்து வேகத்தைக் குறைத்தது. மகன் பிரேக்கை அழுத்தினார். பின்னிருக்கையிலிருந்த தாய் முன்னே சரிந்து, இரு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். நல்வாய்ப்பாகத் தையல் பிரியவில்லை; ஆனால் அச்சம் பிரியவில்லை. "இனி அந்தக் காரில் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் வராத அந்த மூன்று நாட்களில் தையல் வாயில் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது.

அந்தப் பெரிய காரின் ஓட்டுநர் கொடியவர் என்று நாங்கள் கருதவில்லை. முன்னே செல்லும் காரில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய் படுத்திருக்கிறார் என்று அறிந்திருந்தால், அவர் அவ்வாறு செய்திருக்கமாட்டார். அவர் கண்டது ஒரு சிறிய, பழைய, மெதுவாகச் செல்லும் காரை மட்டுமே. அதனுள் யார் இருக்கிறார் என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் கவலை இந்த எண்ணாமை பற்றியதே.

சிறிய கார் நம் நாட்டில் இகழ்ச்சிக்குரியதாகப் பிறந்ததன்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, ஒரே ஸ்கூட்டரில் நால்வராக நெருங்கி அமர்ந்து மழையில் நனைந்து சென்ற குடும்பங்களுக்கு அது ஒரு கூரையைத் தந்தது. 2009-இல் நானோ விற்பனைக்கு வந்தபோதும் அதே கனவே பேசப்பட்டது. இன்று அவ்விரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது. உயரமும் எடையும் மிக்க கார்கள் பெருகிவிட்டன. ஆனால் நம் வாயிலில் வந்து நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். கடனில் வாங்கிய சிறிய கார், அண்டை வீட்டாரிடம் இரவல் பெற்ற கார், ஆட்டோ, சரக்கு ஏற்றும் சிறு வண்டி ஆகியவையே மிகுதி. நோயாளிகளின் வாகனம் பெரும்பாலும் சிறிய வாகனமே.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்வோரும், செஞ்சி, திண்டிவனம் வழியே புதுச்சேரி ஜிப்மருக்குச் செல்வோரும் பயன்படுத்துவது முன்னாளில் 66 என்றும் இப்போது 77 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலையையே. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அண்ணாமலையாரைக் காணவரும் வாகனங்களும் இவ்வழியே வருகின்றன. பௌர்ணமி நாளிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் நெரிசலைச் சொல்ல வேண்டியதில்லை. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரும், கரும்பு வண்டியும், பள்ளிப் பிள்ளைகளின் மிதிவண்டியும், அரசுப் பேருந்தும், விரைந்து பாயும் காரும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், முந்துதல் தவிர்க்க இயலாதது. முந்துவதை நாங்கள் குறை கூறவில்லை. முந்தும் மனப்பான்மை பற்றியே பேசுகிறோம்.

அம்மனப்பான்மைக்கு இரு முகங்கள் உண்டு. சிறிய வண்டி முன்னே சென்றால் அது தமக்குரிய வழியை மறித்து நிற்கிறது என்று எண்ணுவது ஒன்று. சிறிய வண்டி தம்மை முந்திவிட்டால் அதைத் தலைக்குனிவாகக் கொண்டு, வேகத்தைக் கூட்டி வழி மறிப்பது மற்றொன்று. இவற்றுள் பின்னதே கொடியது. முந்தத் தொடங்கிய வண்டி எதிர்த்திசைப் பாதையில் இருக்கிறது. அதற்குத் திரும்பி நுழைய இடம் வேண்டும். அந்த வேளையில் இடத்தை அடைப்பது, கிணற்றில் இறங்கியவரின் கயிற்றை இழுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்தை 80 கி.மீ. வேகத்தில் ஒரு கார் முந்துகிறது என்று கொள்வோம். பேருந்தின் நீளம், காரின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி ஆகியவற்றைக் கூட்டினால் ஏறத்தாழ 55 மீட்டர் ஆகும். வேக வேறுபாடு 20 கி.மீ. மட்டுமே ஆதலின், இதனைக் கடக்க 10 விநாடிகள் தேவை. அந்த 10 விநாடிகளில் கார் ஓடும் தூரம் 220 மீட்டருக்கு மேல். எதிரே ஒரு வண்டி அதே வேகத்தில் வருமானால் அதுவும் 220 மீட்டர் நெருங்கிவிடும். ஆக, ஏறத்தாழ 450 மீட்டர் தொலைவுக்குச் சாலை வெறுமையாகக் கண்ணுக்குத் தெரிந்தாலன்றி முந்தத் துணிதல் கூடாது. முந்தப்படுபவர் வேகத்தைச் சற்றே கூட்டி 70 கி.மீ. ஆக்கினால், அந்த 10 விநாடி 20 விநாடியாகிறது. ஒருவரது வீண் செருக்கு, மற்றவர் எதிர்ப்பாதையில் இருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குகிறது.

மோதல் நேர்ந்தால் அதன் அடியும் இருவருக்கும் ஒன்றாக இராது. 700 கிலோ எடையுள்ள சிறிய காரும் 2,100 கிலோ எடையுள்ள பெரிய காரும் நேருக்கு நேர் மோதினால், வேக மாற்றத்தின் அதிர்ச்சி சிறிய காரில் இருப்பவருக்கு மும்மடங்கு. இது இயற்பியலின் விதி. ஓட்டுநரின் திறமையால் இதை மாற்ற இயலாது. ஆகவேதான் பெரிய வண்டியை ஓட்டுபவருக்குப் பொறுப்பு மிகுதி என்கிறோம்.

சட்டமும் இதையே கூறுகிறது. முந்தப்படும் வண்டி வேகத்தைக் கூட்டவோ வழியை மறிக்கவோ கூடாது என்பது நெடுங்காலமாக உள்ள சாலை விதி. வளைவிலும், மேட்டின் முகட்டிலும், நடுவே தொடர்கோடு இட்ட இடத்திலும் முந்தலாகாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சட்டத்திற்கு மாறாக முந்துவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தின்கீழ் சேர்த்துள்ளது. அவசர ஊர்திக்கு வழி விடாதவருக்கு ரூ.10,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கவும் அச்சட்டம் இடந்தருகிறது. மகிழ்ச்சி. ஆனால் டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து திரும்புபவரும், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டவரும், நிறைமாதக் கர்ப்பிணியும் சைரன் ஒலியோடு செல்வதில்லை. அவர்கள் சாதாரணச் சிறிய கார்களில் செல்கிறார்கள். சைரன் உள்ள வண்டிக்குச் சட்டம் வழி பெற்றுத் தருகிறது. சைரன் இல்லாத வண்டிக்கு மனிதப் பண்புதான் வழி பெற்றுத் தரவேண்டும்.

"நோயாளி பயணம் செய்கிறார்" என்று பின்கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை கூறினர். நாங்கள் அதை ஏற்கவில்லை. எழுதி ஒட்டியவருக்கு மட்டும் மரியாதை என்றால், ஒட்டாதவரை நெருக்கித் தள்ளலாம் என்றாகிவிடும். அறிவிப்புப் பலகை கேட்டுப் பெறும் இரக்கத்தினும், யாரென்று அறியாமலே காட்டும் பொறுமையே உயர்ந்தது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் நிகழ்ந்த விபத்துகள் 64,105. இறந்தோர் 17,884 பேர். 2023 அக்டோபரில், நம் மாவட்டத்துச் செங்கம் அருகே, சில நாட்கள் இடைவெளியில் நடந்த இரு மோதல்களில் தலா ஏழு பேர் மாண்டனர். ஒன்று காரும் லாரியும் மோதியது. மற்றொன்று காரும் பேருந்தும் மோதியது. அவற்றின் காரணத்தைத் தீர்ப்பது எங்கள் வேலையன்று. இரண்டிலும் காரில் இருந்தவர்களே மாண்டனர் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

இனி மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை. "மெதுவாகச் செல்பவர்கள் சாலை நடுவே ஊர்ந்தால் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்போரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நோயாளியை ஏற்றிச் செல்வது நமக்குச் சாலையை எழுதிக் கொடுத்துவிடாது. மெதுவாகச் செல்ல வேண்டியிருந்தால் இடப்புறம் ஒதுங்கியே செல்லுங்கள். பின்னால் மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டால், அகன்ற ஓரம் கண்டு நின்று, அவற்றைப் போகவிட்டுப் பின்னர் செல்லுங்கள். நால்திசை விளக்கை எரியவிட்டபடி ஓட்டாதீர்கள்; நீங்கள் திரும்பப் போகிறீர்களா, நிற்கப் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்கு விளங்காது. முன்னே செல்லும் லாரி காட்டும் பக்கவிளக்கை "முந்தலாம்" என்ற அனுமதியாகக் கொள்ளாதீர்கள். அதை ஒவ்வொருவர் ஒவ்வொரு பொருளில் பயன்படுத்துகின்றனர். உங்கள் கண்ணே உங்களுக்குச் சான்று. எவரேனும் சீண்டினால் பதிலுக்குச் சீண்டாதீர்கள். உடன் இருப்பவர் நோயாளி. உங்கள் தன்மானத்தைக் காக்கும் களம் அதுவன்று.

பதற்றத்தில் தாமே காரை விரட்டிக்கொண்டு வரும் உறவினர்களிடமும் ஒரு சொல். மார்பு வலியால் துடிப்பவரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு எதிர்வரும் பேருந்துகளுக்கிடையே புகுந்து வருவதனால் நீங்கள் ஈட்டுவது எவ்வளவு? இங்கிருந்து திருவண்ணாமலை வரையிலான ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்தை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 24 நிமிடத்தில் அடையலாம், 70 கி.மீ. வேகத்தில் 17 நிமிடம். ஏழு நிமிடத்திற்காக இரு உயிர்களைப் பணயம் வைக்கிறீர்கள். அதனினும், 108-ஐ அழைத்தால் வழியிலேயே முதலுதவி கிடைக்கும். விபத்தில் சிக்கியவரானால், 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், வரையறுத்த தொகைக்குள், கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. விபத்துற்றவரை நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து சேர்ப்பவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

நோயாளியோடு பயணம் செய்வோர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நன்று. வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு சிறு தலையணையை வயிற்றின்மேல் அணைத்துக்கொண்டு அமர்ந்தால், குலுக்கலின் வலி குறையும். தலையணை வைத்தாலும் சீட் பெல்ட்டைத் தவிர்க்கலாகாது. கர்ப்பிணிகள் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின்மேல் பொருந்தும்படி அணியவேண்டும். மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டலாகாது. படுக்க வைத்தே கொண்டுசெல்ல வேண்டிய நிலையானால், காரில் கிடத்தாமல், செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி ஆம்புலன்ஸ் கேளுங்கள். அந்த அம்மையாருக்கு நாங்கள் இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் குறை. இனி வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் "எதில் செல்கிறீர்கள், யார் ஓட்டுகிறார்?" என்று கேட்ட பின்னரே அனுப்புவது எனத் தீர்மானித்திருக்கிறோம்.

முடிவாக, நம் ஊரார் நன்கு அறிந்த ஒன்றை நினைவுகூர்கிறோம். அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். கோலூன்றிய மூதாட்டியும் நடக்கிறார். துள்ளி நடக்கும் இளைஞரும் நடக்கிறார். இளைஞர் மூதாட்டியைக் கடந்து செல்கிறார். மூதாட்டி அதை இழிவாக எண்ணுவதில்லை. மூதாட்டியின் மெதுநடையைக் கண்டு இளைஞரும் சினப்பதில்லை. பாதையின் இடப்பக்கமாக நடந்து, மலையை ஒட்டிய வலப்பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் வலம்வரும் சித்தர்களுக்காக விட்டுவைக்க வேண்டும் என்பது அங்கு வழிவழியாக வரும் வழக்கம். அந்நம்பிக்கை உடையவராயினும் அல்லராயினும், அதிலுள்ள பண்பை எவரும் ஏற்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்காக வழி விட நம் முன்னோர் பழகியிருந்தனர்.

கீழ்பென்னாத்தூர்ச் சாலையில், அடுத்த முறை ஒரு சிறிய கார் உங்கள் முன்னே மெதுவாகச் செல்லக் கண்டால், ஹாரனில் கை வைக்குமுன் ஒரு கணம் பொறுங்கள். அதன் பின்னிருக்கையில் உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி அமர்ந்திருக்கக்கூடும். அவர் நேற்று வரை எங்கள் வார்டில் இருந்தவராக இருக்கலாம். நாளை அந்த இருக்கையில் அமர்பவர் உங்கள் தாயாராகவும் இருக்கலாம்.