காபன் சைக்கிளுக்குப் புது நிறம்



இரும்புச் சைக்கிளின் பழைய பெயின்றை உரித்துப் புது நிறம் அடித்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். போட்டிகளில் ஓடும் பிள்ளையின் காபன் பிரேமில் அந்தக் கைப்பழக்கத்தைக் காட்டிவிடாதீர்கள். காபன் பிரேம் உலோகமல்ல. நூலிழைகளைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்தது. பெயின்ற் உரிக்கும் திரவம் அந்தப் பிசினையும் அரித்துவிடும். இரும்புக்குச் செய்வதுபோல் சுமார் 200 பாகை செல்சியஸ் சூட்டில் பவுடர் பூச்சு ஏற்றவும் கூடாது, பிசின் இளகிவிடும்.

முதலில் பிரேமைச் சவர்க்கார நீரால் கழுவி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நாணயக் குற்றியால் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாகக் கேட்டாலோ, மயிரிழை போன்ற வெடிப்புத் தெரிந்தாலோ, காபன் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெடிப்பின் மேல் பெயின்ற் அடித்தால் அது கண்ணில் படாது. ஓடும்போது பிரேம் முறியலாம்.

குறையில்லையென்றால் 400 இலக்கச் சாண்ட் பேப்பரை நீரில் நனைத்துத் தேயுங்கள். மினுக்கம் போனால் போதும். நூலிழை வெட்டுப்பட்டால் வலு குறையும். தூசி நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமும் கையுறையும் அவசியம். அச்சுகள் பொருந்தும் இடங்களை ஒட்டுநாடாவால் மூடி, அடிப்பூச்சையும் நிறத்தையும் மெல்லியதாகப் பலமுறை அடியுங்கள். ஒன்று காய்ந்த பின்பே அடுத்தது.

கடைசியில், வெயிலிலிருந்து பிசினைக் காக்கும் நிறமற்ற மேற்பூச்சு வேண்டும். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் வகையை, வாகனங்களுக்கு பெயின்ற் அடிக்கும் கராஜில் கொடுத்துச் செய்விப்பதே நல்லது. அதன் நச்சாவியைச் சாதாரண முகக்கவசம் தடுக்காது.

அவசரப்படாமல் செய்யுங்கள். பிள்ளை ஏறி ஓடும் சைக்கிள் அல்லவா?