எடுத்த பூனையைக் கைவிடலாகாது

மாற்றல் உத்தரவு வந்த வீட்டில் நடப்பது அனைவரும் அறிந்ததே. பாத்திரங்கள் சாக்கில் ஏறுகின்றன. கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறுகின்றன. குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் பத்திரமாகப் பெட்டிக்குள் போகின்றன. மூன்று ஆண்டுகள் அந்த வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த பூனை மட்டும் மதில்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. லாரி போன பிறகும் அது அங்கேதான் இருக்கிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை உத்தியோகத்தையும் கூலியையும் நம்பி வந்தவை. வாடகை வீடுதான் வாசம். வங்கியிலோ ரயில்வேயிலோ இருப்பவருக்கு எந்த நேரமும் மாற்றல் வரலாம். ஆலைத் தொழிலாளிக்கு ஒப்பந்தம் முடியலாம். இப்படிப்பட்டவர்கள் பூனை வளர்க்கலாமா என்ற கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

தெருவில் தாயை இழந்த குட்டிகளையும் அடிபட்ட பூனைகளையும் எடுத்துப் பராமரித்து, நல்ல வீடு கிடைத்தால் காசு வாங்காமல் ஒப்படைக்கும் தன்னார்வத் தொண்டர்கள் இன்று பல ஊர்களிலும் இருக்கின்றனர். இது பெரிதும் வரவேற்கத்தக்க பணியாகும். அவர்களிடம் பெரும்பாலும் கிடைப்பவை நாட்டுப் பூனைகள். அவற்றுள் சாம்பலிலோ பழுப்பிலோ கோடு விழுந்த வரிப்பூனைகள் அதிகம். வரிப்பூனை என்பது தனி ஜாதியன்று. உடல்மீது அமைந்த கோலமே அது. நெற்றியில் நாமம் இட்டதுபோல் கோடுகள் தெரிவதும் அந்தக் கோலத்தின் அடையாளம். வீட்டுப் பூனைகளின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைக்கும் இத்தகைய வரிகள் உண்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்கி, அதன் அடர்ந்த ரோமத்தோடு ராயலசீமை வெயிலில் வாட்டுவதைவிட, இந்த மண்ணின் வெப்பத்திற்குப் பழகிய வரிப்பூனைக்கு இடம் கொடுப்பது அறிவுடைமை.

குட்டியைத் தருமுன் தொண்டர்கள் பல கேள்விகள் கேட்கிறார்கள். சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? மாடியில் தடுப்பு உண்டா? ஊர் மாறினால் என்ன செய்வீர்கள்? இலவசமாகத் தரும் பூனைக்கு இத்தனை விசாரணையா என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். பெண் கொடுக்கும் வீட்டார் நாலு இடத்தில் விசாரிக்காமல் கொடுப்பதில்லை. வாய் பேசாத ஜீவனுக்காக விசாரிப்பவர்களிடம் கோபம் கொள்வது முறையன்று. அந்தக் கேள்விகளில் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாதவர்கள் பூனையை எடுக்காமலிருப்பதே அந்தப் பூனைக்குச் செய்யும் உபகாரம்.

வீட்டுக்குள் நன்கு பராமரிக்கப்படும் பூனை 12 முதல் 15 ஆண்டுகள் வரையிலும், அதற்கு மேலும் வாழக்கூடும். ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தை கேட்டதற்காக வாங்கிய குட்டி, அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும். கோடை விடுமுறையின் பொழுதுபோக்காக அதைக் கருதலாகாது.

சோறு போட்டால் போதும் என்ற எண்ணமும் தவறு. பூனை இறைச்சியுண்ணும் பிராணி. டாரின் என்னும் சத்து இல்லாவிடில் அதன் கண்பார்வை கெடும் என்பது 1975ஆம் ஆண்டிலும், இருதயம் பலவீனமடையும் என்பது 1987ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியால் தெளிவாயின. அந்தச் சத்து மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. தயிர் சாதத்தில் போதிய அளவு இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். சைவக் குடும்பத்தார் கடையில் விற்கும் பூனை உணவையாவது வாங்கிப் போட மனமிசைய வேண்டும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மாத்திரை கொடுத்துவிடக் கூடாது. மனிதனைக் குணப்படுத்தும் அந்த மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

தடுப்பூசியும் கருத்தடையும் தவிர்க்க முடியாதவை. குட்டி இரண்டு மாதத்தை எட்டும் சமயத்தில் பூனைகளுக்குரிய தொற்றுநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பெண் பூனை ஆறு மாதம் நிரம்புமுன்பே சினையாகிவிடக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாட்கள்தான். ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை ஈன்றால் அத்தனை குட்டிகளுக்கும் வீடு எங்கே? தெருவில்தான். கருத்தடை செய்வது பாவம் என்று தயங்குவோர், பிறந்த குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றங்கரையில் விடுவது எந்தப் புண்ணியத்தில் சேரும் என்று எண்ணிப் பார்ப்பார்களாக. இவ்விஷயத்தில் இந்தப் பகுதி மக்களுக்கு வசதி உண்டு. 1955ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், 2005ஆம் ஆண்டு ஏற்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் திருப்பதியிலேயே அமைந்துள்ளன.

மலையடிவாரத்தில் குடியிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேஷாசலம் காட்டை ஒட்டிய புதர்களில் காணும் வரிக்குட்டி எல்லாம் வீட்டுப் பூனையாக இருக்க வேண்டியதில்லை. காட்டுப்பூனைக் குட்டியாகவும் இருக்கலாம். தாய் இரை தேடப் போயிருக்கலாம். காட்டுப்பூனைகளை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஐயம் எழுந்தால் குட்டியைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுவதே நல்லது.

பிராணிகளிடம் பரிவு என்பது தமிழருக்குப் புதிதன்று. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பயனாகவே 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்திற்கும் அவரே முதல் தலைவரானார். சென்னையில் 1959ஆம் ஆண்டு கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய புளூ கிராஸ் இன்றும் தொண்டு புரிந்து வருகிறது. உயிர்களிடம் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டமே சொல்லிவிட்டது.

பசியாலோ தாகத்தாலோ வருந்தும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிட்டுச் செல்வது அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். முதல் முறை குற்றத்துக்கு அன்று விதித்த உச்ச அபராதம் 50 ரூபாய். இன்று ஓட்டலில் இரண்டு பேர் காப்பி குடித்தால் தீர்ந்துவிடும் தொகை அது. ஆகவே இவ்விஷயத்தில் அபராதத்துக்கு அஞ்சி எவரும் திருந்தப் போவதில்லை. மனச்சாட்சிதான் காவல் நிற்க வேண்டும்.

மாற்றல் வந்தால் பூனையைக் கொண்டுபோவது முடியாத காரியமும் அன்று. காற்றோட்டமுள்ள உறுதியான கூடை போதும். அந்தக் கூடையைச் சில வாரம் முன்பே வீட்டில் திறந்துவைத்தால் பூனை பயமின்றி அதில் படுக்கப் பழகும். ரயிலானால் விதிகளை முன்னதாகவே ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளலாம். பூனை ஆளைவிட இடத்தோடு அதிகம் ஒட்டும் பிராணி. ஆதலால் புது ஊரில் இரண்டு வாரமாவது ஓர் அறைக்குள் வைத்திருந்து பிறகே மற்ற அறைகளுக்கு விட வேண்டும். கொண்டுபோக வழியே இல்லையெனில், வீடு காலி செய்யும் நாள்வரை காத்திராமல், ஒரு மாதம் முன்பே வேறொரு நல்ல வீட்டைத் தேட வேண்டும். எடுத்த இடத்திலேயே சொல்லி உதவி கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

திருமலையின் அடிவாரத்தில் வாழ்பவர்களுக்கு வைணவ ஆசாரியர்கள் சொல்லும் உவமை தெரிந்திருக்கும். குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டிக்கு அந்தக் கவலை இல்லை, தாயே வாயில் கவ்விக்கொண்டு போகிறது. அடைக்கலம் புகுந்தவனைக் காப்பது அடைக்கலம் கொடுத்தவனின் பொறுப்பு என்பதற்குப் பெரியோர் பூனையையே உதாரணமாக்கினார்கள். தாயிடமிருந்து பிரிந்த குட்டியை எடுக்கிறவர் அந்தத் தாயின் வேலையைத்தான் ஏற்கிறார். பூனை லாரியைப் பற்றிக்கொண்டு வராது. தூக்கிக்கொண்டு போவது மனிதரின் வேலை.

பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கிய முதல் நாள், தெரிந்த முகம் ஒன்று இல்லையே என்று தவித்தது இங்குள்ள தமிழர் பலருக்கும் மறந்திருக்காது. அன்று யாரோ ஒரு தெலுங்கு அண்டைவீட்டார் தண்ணீர் கொடுத்து விசாரித்திருப்பார். அந்தத் தவிப்பை அறிந்தவர்கள் தங்கள் வீட்டுப் பூனையை அதே நிலைக்கு விட்டுச் செல்லலாகாது. அடுத்த லாரி புறப்படும்போது மதில் வெறுமையாக இருக்கட்டும். கூடையில் பூனை இருக்கட்டும்.