வாயில்லா ஜீவனின் பெருமூச்சு



இம்மாதம், சிலருக்கு விநோதமாகத் தோன்றக்கூடிய ஒரு காரியத்தைக் குறித்து எழுதுகிறேன். பிழைப்புக்காக கொல்கத்தாவுக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றில் நாய் வளர்க்கிறார்கள். யாரோ ஆசையாய் வாங்கி வளர்த்து, வயதானதும் நோய் வந்ததும் தெருவில் விட்டுப்போன நாய்களைப் பிள்ளைகளின் கண்ணீருக்கு இரங்கி வீட்டில் சேர்த்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. “ஆய்” என்று வங்காளத்தில் அழைத்தால் ஓடிவருகிற அந்த ஜீவன், மெல்ல மெல்ல “வா” என்ற தமிழ்ச் சொல்லையும் கற்றுக்கொள்கிறது. சில மாதங்கள் கழிந்தபின் அது நொண்டுகிறது, ஆகாரத்தை வெறுக்கிறது, இரவெல்லாம் முனகுகிறது. அப்பொழுது வீட்டில் கேள்விகள் எழும்புகின்றன. ஒரு நாய்க்காக இவ்வளவு செலவு செய்யலாமா? ஜெபித்தால் போதாதா? வேதனை எல்லை மீறினால் என்ன செய்வது?

நாய் அசுத்தமானது, விசுவாசியின் வீட்டில் அதற்கு இடமில்லை என்று சொல்லுகிறவர்கள் பிலிப்பியர் 3:2-ஐயும் வெளிப்படுத்தல் 22:15-ஐயும் எடுத்துக் காட்டுவார்கள். அவ்வசனங்கள் மனிதரின் துன்மார்க்கத்தை உவமையாகக் கூறுகின்றனவேயன்றி, விலங்குக்கு இரக்கம் காட்டாதே என்று போதிக்கவில்லை. நீதிமானுக்கு அடையாளமாக நீதிமொழிகள் 12:10 எதைச் சொல்லுகிறது? தன்னுடைய மிருகஜீவனின் நலனை அவன் கருதுவதையே சொல்லுகிறது. ஏழையின் ஆட்டுக்குட்டி அவனுடைய மடியில் படுத்து அவனுக்கு ஒரு மகளைப்போல் இருந்தது என்று நாத்தான் தீர்க்கதரிசி சொன்னபோது, தாவீது அந்த ஏழையைப் பார்த்து நகைக்கவில்லை (2 சாமுவேல் 12). நினிவேயின்மேல் மனம் இரங்கின தேவன் அங்கிருந்த மிருகஜீவன்களையும் நினைத்தார் (யோனா 4:11).

ஆனாலும் வாயில்லா ஜீவனின் வேதனையை நாம் எப்படி அறிவது? பிலேயாமின் கழுதையை நினைத்துப் பாருங்கள் (எண்ணாகமம் 22). அது வழியைவிட்டு விலகிற்று. சுவரோரம் ஒதுங்கி அவன் காலை நெருக்கிற்று. பின்பு அப்படியே படுத்துக்கொண்டது. மூன்று முறையும் அவன் அதை அடித்தான். அதன் பிடிவாதத்தைத்தான் அவன் கண்டான். அதற்கான காரணத்தைக் காணவில்லை. கர்த்தர் அதின் வாயைத் திறந்தபோது அது என்ன கேட்டது? இத்தனை காலம் உம்மைச் சுமந்த நான் இதற்குமுன் எப்போதாவது இப்படி நடந்ததுண்டா என்பதே அதன் கேள்வியின் சாரம். பிரியமானவர்களே, நோயுற்ற விலங்கை வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. இது இதற்குமுன் இப்படி நடந்ததுண்டா?

நாய் தன் வலியை மறைக்கும் சுபாவமுடையது. மாடிப்படி ஏறத் தயங்குவது, ஒரே இடத்தை ஓயாமல் நக்குவது, இளைப்பாறும்போதும் மூச்சு வாங்குவது, மூலையில் ஒளிந்துகொள்வது, தொட்டால் உறுமுவது ஆகியவை அதன் மொழி. இதுவரை சாந்தமாயிருந்த நாய் திடீரென்று உறுமினால் அடிக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். வலியிலிருக்கும் நாய் தன்னை நேசிக்கிறவரையும் கடித்துவிடக்கூடும். ஆகையால் வெறிநாய்க்கடி தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடவேண்டும். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

உலகத்தில் இக்காரியத்தை மிகவும் அனுபவித்து அறிந்தவர்கள் கிரேஹவுண்ட் நாய்களைத் தத்தெடுத்தவர்கள். பந்தயத்தில் ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்டு, ஓட்டம் ஓய்ந்ததும் தள்ளப்படுகிற நாய்கள் அவை. மக்காவு நகரத்தின் நாய்ப் பந்தய மைதானம் 2018-இல் மூடப்பட்டபோது 500-க்கும் மேற்பட்ட நாய்கள் வீடின்றி நின்றன. பல தேசத்தார் அவற்றை ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மக்கள் வாக்களித்ததின் விளைவாக 2020-ஆம் ஆண்டின் முடிவோடு நாய்ப் பந்தயம் நின்றது. அந்த நாய்களை வீட்டில் சேர்த்தவர்கள், பழைய எலும்பு முறிவுகளையும் கெட்டுப்போன பற்களையும் பாதத்தில் ஆணியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். கால் எலும்பில் வரும் புற்றுநோயும் அந்த இனத்தில் மிகுதி. அவற்றின் உடலில் கொழுப்பு குறைவு. சிலவகை மயக்க மருந்துகள் அவற்றின் உடலைவிட்டு மெதுவாகவே நீங்கும். நம் தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் ஒடிசலான உடல்வாகு கொண்ட வேட்டைநாய்களே. அவற்றை வளர்க்கிறவர்கள், அறுவை சிகிச்சைக்கு முன் இதை மருத்துவரிடம் நினைவூட்டுவது நலம்.

நடுவயது கடந்த பெரிய நாய் காரணமின்றி நொண்டி, ஓரிரு வாரத்தில் சரியாகாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தைப் போக்காதீர்கள். எலும்புப் புற்றுநோயானால் காலை எடுக்க நேரிடலாம். மூன்று காலில் பெரும்பாலான நாய்கள் நன்றாகவே நடக்கப் பழகிக்கொள்ளும். அதோடு புற்றுநோய் மருந்தும் கொடுத்தால் சராசரியாக ஏறத்தாழ ஓராண்டு ஜீவன் கிடைக்கும். கொல்கத்தாவின் ஈரமான சூழலில் உண்ணிக் காய்ச்சலையும் மறக்கலாகாது. காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் இவற்றைக் கண்டால் இரத்தப் பரிசோதனை அவசியம். முன்னதாகக் கண்டால் அது பெரும்பாலும் குணமாகக்கூடிய நோயே.

ஒரு எச்சரிப்பு. நாம் விழுங்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே வேண்டாம். இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை அதன் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாராசிட்டமாலும் ஆபத்தானதே. ஒரு சரீரத்துக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு விஷமாகலாம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டங்கூட்டமாய் அழித்தது; அதனால் 2006-இல் நம் அரசு கால்நடைகளுக்கான அம்மருந்தைத் தடை செய்தது. நாய்களுக்கென்று வலி நீக்கும் மருந்துகள் உண்டு. அளவை மருத்துவரே குறிக்கட்டும்.

வைத்தியம் அவிசுவாசமாகுமா? எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்த தேவனே அவன் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடும்படி ஏசாயாவைக் கொண்டு சொல்வித்தார் (ஏசாயா 38). உங்கள் நாய்க்காகக் குடும்பமாய் ஜெபியுங்கள், அதிலே வெட்கமில்லை. ஜெபித்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மிருகங்களின் உபத்திரவத்தைத் தடுக்க 1861-லேயே சங்கம் கண்ட நகரம் இது. 1893-இல் தொடங்கிய வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்று பெல்காச்சியாவில் பல்கலைக்கழகமாய் விளங்குகிறது.

செலவைக் குறித்தும் ஞானம் தேவை. தன் வீட்டாரை விசாரிப்பது முதல் கடமை என்று 1 தீமோத்தேயு 5:8 போதிக்கிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் பெற்றோரின் மருந்தையும் நிறுத்தி நாய்க்குச் செலவிடும்படி நான் சொல்லவில்லை. சிகிச்சைக்கு என்ன செலவாகும், என்ன பலன் கிடைக்கும் என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேளுங்கள். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை எடுத்து வையுங்கள். பணமில்லாமலும் செய்யக்கூடிய இரக்கம் உண்டு. கொல்கத்தாவின் பழைய வீடுகளின் சிவப்பு சிமெண்ட் தரை வழுக்கும்; அதன்மேல் பழைய சாக்கோ பாயோ விரியுங்கள். மெத்தென்ற படுக்கை கொடுங்கள். உடல் பருக்கவிடாதீர்கள். வெயிலுக்கு முன் அதிகாலையிலே நடத்துங்கள். காளி பூஜை இரவில் வெடிச்சத்தம் கேளாத உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஒரு நாள் வரும். மருந்து கேளாது, எழும்ப முடியாது, உண்ணாது, உங்களைக் கண்டும் வாலை அசைக்காது. அந்நாளில் அதைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தைத் தூர எறியுங்கள். பசியிலும் தாகத்திலும் வருந்தும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். தேவசமுகத்திலும் அது பாவமே. மீட்க முடியாத வேதனை என்று மருத்துவர் திட்டமாய்ச் சொன்னால், மயக்கமூட்டி வலியின்றி அதன் ஜீவனை முடியச்செய்ய அனுமதிப்பது கொலைபாதகமல்ல. தேவசாயலாய்ப் படைக்கப்பட்ட மனிதனுடைய உயிரைக் குறித்த கட்டளை வேறு. நமது பொறுப்பில் விடப்பட்ட விலங்கின் வேதனையை முடிப்பது வேறு. வேலைக்காரரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே கூடப் போங்கள். அது கடைசியாகக் கேட்பது உங்கள் குரலாக இருக்கட்டும்.

வீட்டிலுள்ள சிறு பிள்ளையிடம், நாய் ஊருக்குப் போய்விட்டது என்று பொய் சொல்லாதீர்கள். அது மரித்தது என்று சொல்லி, அவனோடு சேர்ந்து அழுங்கள். பரலோகத்தில் அதைக் காண்பேனா என்று அவன் கேட்டால், வேதம் வெளிப்படையாய்ச் சொல்லாததை நாம் உறுதியாய்ச் சொல்லவேண்டாம். சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவிக்கிறதென்றும், அழிவின் அடிமைத்தனத்திலிருந்து அது விடுதலையாகும் நாள் வருகிறதென்றும் ரோமர் 8 போதிப்பதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். படைத்தவர் நல்லவர் என்பதை அவன் அறிந்தால் போதும்.

தள்ளப்பட்டு, காயப்பட்டு, பயனற்றவர்களாய் இருந்த நம்மை ஒருவர் தேடிவந்து தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். நம்முடைய நோய்களையும் அறிந்தே அவர் சேர்த்துக்கொண்டார். அந்த இரக்கத்தைப் பெற்ற வீட்டில், வாசற்படியில் படுத்திருக்கும் ஒரு நோயாளி ஜீவனுக்கும் பங்குண்டு. இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் ஒருமுறை அதன் அருகே உட்கார்ந்து, பொறுமையாய் அதைக் கவனித்துப் பாருங்கள். அது உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இரக்கங்களின் பிதாவாகிய தேவன் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.